வானொலிப் பெட்டி முதல் திறன்பேசி வரை: மகிழுந்துக்குள் தமிழ்

ஒரு கருவியின் வரலாற்றை ஆராய்வோர், அதனை ஆக்கியவர் யார், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று வினவுவது வழக்கம். அக்கருவி எந்த மொழியில் பேசிற்று என்று வினவுவோர் சிலரே. தமிழாசிரியர்க்கும் தமிழ் பயிலும் மாணவர்க்கும் அதுவே தலையாய வினாவாகும். இன்று மகிழுந்தை ஓட்டுபவரின் முன்னே ஒளிரும் திரையைக் குறித்தும் அவ்வினாவை எழுப்பலாம். அத்திரையின் வரலாற்றில் நம் பினாங்குத் தீவுக்கு ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பங்கு உண்டு. அப்பங்கினை எடுத்துரைத்து, மகிழுந்துக்குள் தமிழ் புகுந்ததும், பின்னர் ஒதுங்கியதும், மீண்டும் திரும்பியதுமாகிய கதையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றில் வந்த தமிழ்

பினாங்கு வானொலிக் கழகம் 1934-இல் இசட் எச் ஜே என்னும் நிலையத்தின் வாயிலாக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது. தீவின் தெருக்களில் வழங்கிய மொழிகளெல்லாம் காற்றிலும் வழங்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

அக்காலத்தில் மகிழுந்து வானொலி பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கால்வின் உடன்பிறப்பாளர்கள் 1930-இல் மகிழுந்துக்கான வானொலிப் பெட்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். மோட்டார் என்னும் சொல்லிலிருந்து அவர்கள் படைத்த மோட்டரோலா என்னும் பெயரே பின்னாளில் நிறுவனத்தின் பெயருமாயிற்று. செருமனியில் பிளௌபுங்க்ட் நிறுவனம் 1932-இல் ஐரோப்பாவின் முதல் மகிழுந்து வானொலியை உருவாக்கிற்று. ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள அப்பெட்டி ஓட்டுநரின் முன்பலகையில் அடங்கவில்லை. ஆகவே அதனை இயக்கும் திருகினைத் தனியே பிரித்துச் சுக்கானின் தண்டில் பொருத்தினர். கண் சாலையிலும் கை சுக்கானிலும் இருத்தல் வேண்டும், செவி ஒன்றே ஓய்வாக இருக்கிறது என்னும் உண்மை தொடக்கத்திலேயே பொறியாளர்க்குப் புலப்பட்டிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

வானொலிப் பெட்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதற்கெனத் தனி மொழி இல்லை. தமிழ் ஒலிபரப்பின் பக்கம் முள்ளைத் திருப்பினால் அது தமிழ் பேசும். சிகாகோவில் அதனைச் செய்தவர் தமிழ் என்றொரு மொழி உண்டென்பதை அறிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

தீவில் எழுந்த ஆலைகள்

பிரான்சிஸ் லைட் 1786-இல் தொடங்கி வைத்த துறைமுக வாணிகத்தால் வளர்ந்த பினாங்கு, 1969-இல் தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் தளர்ந்தது, வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சொங் இயூ, தீவின் எதிர்காலம் மின்னணுத் தொழிலில் உள்ளதெனக் கண்டார். பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. 1972-இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிக வட்டாரம் உருவாயிற்று. முன்னோடிகளாக வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் பினாங்கு மக்கள் குறிப்பிடுவர்.

அவ்வெட்டினுள் இன்டெல் போன்றவை பலராலும் பேசப்படுகின்றன. நம் ஆய்வுக்கு உரியவை வேறு இரண்டு. ஒன்று கிளாரியன்; சப்பானில் 1951-இல் முதல் மகிழுந்து வானொலியைச் செய்த நிறுவனம் அது. மற்றொன்று போஷ், மேலே கூறிய பிளௌபுங்க்ட் நிறுவனத்தை 1933-இல் தனதாக்கிக் கொண்டது. எழுபதுகளில் மோட்டரோலாவும் இருவழி வானொலிக் கருவிகளைச் செய்ய இத்தீவுக்கு வந்து சேர்ந்தது. ஆக, மகிழுந்து வானொலியின் வரலாற்றில் இடம்பெறும் அமெரிக்க, செருமானிய, சப்பானியப் பெயர்கள் மூன்றும் இச்சிறு தீவில் ஒன்று கூடின.

ஆலைகளின் வரிசைகளில் அமர்ந்து பணியாற்றியோருள் பெரும்பாலோர் இளம் பெண்கள். மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் ஆலைப் பேருந்துகளில் விடியலிலும் இரவிலும் பயணம் செய்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நுண்கம்பிகளைப் பொருத்தினர். அவர்தம் கைகளில் உருவான சில்லுகளும் வானொலிப் பெட்டிகளும் உலகின் சாலைகளிலெல்லாம் ஓடின. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும், முதல் தேசிய மகிழுந்தாகிய புரோட்டான் சாகா வெளிவந்ததும் ஓராண்டு நிகழ்ச்சிகளே. கப்பலை நம்பியிருந்த தீவு அன்றுமுதல் சாலையோடும் பிணைக்கப்பட்டது.

மென்பொருள் வளர்ந்தது, மொழி சுருங்கிற்று

1986-இல் போஷ் நிறுவனம் 'கேன்' என்னும் இணைப்பு முறையை அறிமுகப்படுத்திற்று. மகிழுந்தின் எந்திரம், தடை, விளக்கு முதலியவற்றை ஆளும் சிறு கணினிகள் ஒரே கம்பித் தடத்தில் ஒன்றோடொன்று செய்தி பரிமாற இது வழிவகுத்தது. அதன்பின் மகிழுந்து மெல்ல மெல்ல ஒரு கணினிக் கூட்டமாயிற்று. 2001-இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் நூற்றுக்கணக்கான செயல்களை ஒரு திருகிலும் ஒரு திரையிலும் அடக்கிக் காட்டிற்று. வேண்டியதைத் தேடி அடுக்கடுக்கான பட்டியல்களுக்குள் நுழைய நேர்ந்ததால் ஓட்டுநர் பலர் அதனைக் குறை கூறினர். செயல்கள் மிகுந்தால் எளிமை வந்துவிடாது என்னும் பாடத்தைப் பொறியாளர் அப்போது கற்றனர்.

நாம் கருத வேண்டியது வேறொன்றுண்டு. வானொலியின் திருகுக்கு மொழியில்லை, திரைக்கு உண்டு. திரையில் எழுத்து வந்தவுடன், எம்மொழியில் எழுதுவது என்பதைச் செய்வோனே முடிவு செய்யும் நிலை பிறந்தது. அம்மொழிப் பட்டியல்களில் தமிழைக் காண்பது அரிதாயிற்று. குரல் வந்தபோதும் அவ்வாறே. 2018-இல் வெளிவந்த புரோட்டான் எக்ஸ் 70, ஓட்டுநரின் சொல் கேட்டு இயங்குவதாகப் போற்றப்பட்டது. தொடக்கத்தில் அது கேட்டறிந்த சொல் ஆங்கிலச் சொல்லே. ஆங்கிலம் அறியாத முதியவருக்குத் தம் நாட்டு மகிழுந்தும் அயலாயிற்று.

திறன்பேசி திறந்த வாயில்

இந்நிலையை மாற்றியது திறன்பேசி. மகிழுந்தை வாங்குவோர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பர். திறன்பேசியோ சில ஆண்டுகளில் மாறிவிடும். ஆதலின் வண்டியிலேயே பதித்த மென்பொருள் விரைவில் பழையதாயிற்று. மறுபுறம், கைப்பேசியைக் கையில் ஏந்தி ஓட்டுவது பேரிடருக்கு வழி. நம் நாட்டில் அது குற்றமுமாகும். இவ்விரு சிக்கல்களுக்கும் விடையாக ஆப்பிள் நிறுவனத்தின் 'கார்பிளே' 2014 மார்ச்சிலும், கூகுள் நிறுவனத்தின் 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' அவ்வாண்டு சூனிலும் அறிவிக்கப்பட்டன. போஷும் இத்தகைய இணைப்பு மென்பொருள் ஒன்றை உருவாக்கிற்று. வானொலிப் பெட்டி செய்த கிளாரியன் 2019-இல் பிரெஞ்சு நிறுவனமாகிய ஃபோரேசியாவின் உடைமையாயிற்று.

இவற்றின் இயக்கம் எளிதில் விளங்கக் கூடியதே. கணக்கிடுவதும் நினைவில் வைப்பதும் திறன்பேசி. மகிழுந்தின் திரை அதன் நிழலை ஏந்தும் ஆடி. விரல் திரையைத் தொட்டால் அச்செய்தி கம்பி வழியாகவோ கம்பியின்றியோ திறன்பேசிக்குச் செல்லும். வழி, அழைப்பு, பாட்டு, செய்தி எனச் சிலவே பெரிய உருவில் தோன்றும், ஏனையவை மறைக்கப்படும். எனினும் வெளியுலகோடு பேசும் திரைக்கும் தடையையும் சுக்கானையும் ஆளும் கணினிகளுக்கும் இடையே வலிய காவல் வேண்டும். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு ஜீப் வண்டியைத் தொலைவிலிருந்தே ஆட்டிப் படைத்துக் காட்டினர். 14 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

திறன்பேசி தன் உடையவரின் மொழியைத் தன்னுடன் கொண்டு வந்தது என்பதே தமிழர்க்கு இதனால் விளைந்த நன்மை. அத்திறன்பேசிக்குள் தமிழ் புகுந்ததில் மலேசியத் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய 'முரசு' மென்பொருள் கணினியில் தமிழெழுத வழி செய்தது. 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் சிங்கப்பூரில் வெளியான அவருடைய 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வாயில் திறந்தது. அவர் வடித்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றது. 2018-இல் கூகுளின் வழிகாட்டி தமிழிலும் பேசத் தொடங்கிற்று. செய்வோனின் பட்டியலில் இல்லாத தமிழ், ஓட்டுநரின் சட்டைப்பையில் இருந்தபடியே மகிழுந்துக்குள் நுழைந்தது.

எஞ்சியுள்ள பணி

இதனோடு மனநிறைவு கொள்ளலாகாது. ஜார்ஜ் டவுனில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வோர் இனத்தார் ஒவ்வொரு பெயர் வைத்து வழங்கினர். வரைபடத்தில் லெபு பாசார் என்றிருப்பது நம் முன்னோர்க்குக் கடைத்தெரு. 2008-இல் உலக மரபுடைமையாக ஏற்கப்பட்ட இந்நகரில், மரபு என்பது சுவரும் ஓடும் மட்டுமன்று, பெயர்களும் மரபே. அப்பெயர்களை நாம் எழுதி வைக்காவிடில் எந்தப் பொறியும் அவற்றைத் தானே அறிந்து பேசாது.

கலைச்சொல்லாக்கத்துக்கும் இங்கு ஒரு தேர்வு காத்திருக்கிறது. ஓட்டுநர் ஒரு முறை திரையை நோக்கும் பொழுது இரண்டு நொடிக்கு மிகலாகாது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் நெறி வகுத்தது. இந்நெறியைத் தமிழ்ச் சொல்லுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம். 'பயணத்தடம் காட்டும் பொறியமைப்பு' என்று எழுதினால் படித்து முடிப்பதற்குள் வண்டி வளைவைக் கடந்துவிடும். 'வழி' என்றெழுதினால் போதும். 'பேசு', 'நிறுத்து', 'திரும்பு', 'கேள்' என ஏவல் வினைகள் பலவற்றைச் சிற்றுருவில் வைத்திருக்கும் மொழிக்கு இப்பணி அரிதன்று. நீண்ட தொடரைப் புலமை என்று கருதும் பழக்கத்தை மட்டுமே நாம் விட வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பயிற்சியாக்கலாம். மாணவர்கள் தம் தாத்தா பாட்டியரிடம் கேட்டுத் தெருப்பெயர்களைத் தொகுக்கட்டும். திறன்பேசியைத் தமிழில் அமைத்து, அதில் காணும் சொற்களுள் நெடியவற்றைக் குறுக்கி எழுதிப் பார்க்கட்டும். 1934-இல் வானொலி பேசிய மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருந்தது. பாயான் லெப்பாசின் ஆலைகளில் தமிழ்ப் பெண்களின் கைகளும் உழைத்தன. அவ்வுழைப்புக்கு உரிய சொல்லையும் பொறிகளுக்குள் சேர்ப்பது கல்வி கற்ற நம் தலைமுறையின் கடன்.