ஓமலூரில் மனு கொடுத்த கதை

கத்திரி வெயில் தணிந்தும் தணியாத நாட்களில் ஓமலூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். அரசு அறிவிப்பில் அதற்கு 'வருவாய்த் தீர்வாயம்' என்று பெயர். ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ஜமாபந்திதான். குறுவட்டம் வாரியாக நாள் குறித்திருப்பார்கள். அந்தந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர்கள் கணக்குப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் அடுக்குவார்கள். பந்தல் நிழலில் ஆளுக்கொரு வெள்ளைத்தாளோடு சனம் நிற்கும்.

அந்தத் தாளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மேலே அனுப்புநர், கீழே பெறுநர். பிறகு 'ஐயா' என்று ஒரு தனி வரி. அதற்குப் பின் 'பொருள்'. தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, பக்கத்துக் காட்டுக்காரர் அடைத்துவிட்ட வண்டித்தடம், நின்றுபோன முதியோர் பென்சன் என்று ஒரு குடும்பத்தின் பல வருட மனவருத்தம் ஒன்றிரண்டு பத்திகளில் அடங்கிவிடுகிறது. எழுதத் தெரியாதவர்கள் எழுதிக்கொடுப்பவரிடம் உட்கார்ந்து கதையைச் சொல்வார்கள். அவர் அந்தக் கதையில் அலுவலகத்துக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துத் தாளில் இறக்குவார். புல எண், உட்பிரிவு, கிராமத்தின் பெயர் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். அழுகை எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

ஆள்பவரும் குடியானவரும் நேருக்கு நேர் முகம் பார்க்க இந்த வட்டாரத்தில் ஏற்பட்ட ஏற்பாடுகளில் இன்றும் நடப்பவற்றுள் இது மிகப் பழையது. வாக்குச்சீட்டைவிடப் பழையது. ஜமாபந்திக் கணக்கு இப்போதும் பசலி ஆண்டில்தான் ஓடுகிறது. ஜூலை முதல் தேதி பிறக்கும் அந்த ஆண்டு முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கிலிருந்து வந்தது. 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435.

சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது 1792-இல். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகள் இவை. அதற்கு முன்பு கட்டி முதலிகள், பிறகு மைசூர் அரசு என்று இந்தச் சமவெளி கை மாறிக்கொண்டே இருந்தது. தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயில் கட்டி முதலிகளின் பெயரை இன்றும் சொல்கிறது. கம்பெனி இங்கே அனுப்பியவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள்: மக்லியோடு, கிரகாம், தாமஸ் மன்றோ. நால்வரும் படை அதிகாரிகள். நிலத்தை அளந்து, ஜமீன்தார் என்று இடையில் ஒருவரை வைக்காமல், உழுகிறவரோடு நேரடியாக வரி பேசிப் பட்டா கொடுத்தார்கள். பின்னாளில் மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்து விழுந்தது.

தொப்பூர் கணவாய்க்கு அப்பால் தருமபுரிப் பக்கம் மன்றோ ஏழு ஆண்டுகள் இருந்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து வரி பேசுவதுதான் வேலை. அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தன் நாளை அவர் விவரித்திருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கடிதத்தை எடுத்தவர் நடுப்பகல் ஆகியும் முடிக்கவில்லை, சுற்றிலும் ஆட்கள். ஒருவர் தன் அப்பன் வாங்கிய முப்பது வருடக் கடனின் கதையைச் சொல்கிறார். சண்டைக் காலத்தில் தான் ஊரில் இல்லாதபோது அண்ணன் தம்பி பாகத்தைத் தின்றுவிட்டதாக இன்னொருவர். வேறொருவர், இந்த வருடம் வழக்கமான வரியைக் கட்ட முடியாது என்கிறார். மனைவி இறந்துவிட்டாளாம், தன்னிடமிருக்கும் நல்ல எருதைவிட அவள்தான் அதிகம் உழைத்தாளாம்.

அந்தக் கடைசி மனிதரின் பெயர் பதிவாகவில்லை. ஆனாலும் அந்த ஒரு பேச்சில் ஒரு பெண்ணின் வாழ்வு முழுதும் தெரிகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மனு என்பது இதுதான். கேட்பவருக்கு வேண்டியது கணக்கு. சொல்பவர் கொண்டுவருவது வாழ்க்கை. மன்றோ பொறுமையாகக் கேட்டார் என்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் அவர் கேட்டதற்குக் காரணம் வரி. உழுகிறவரின் நிலைமை தெரியாமல் வரி போட்டால் அவர் காட்டைப் போட்டுவிட்டு வேறு சீமைக்குப் போய்விடுவார். கம்பெனிக்கு நஷ்டம்.

வரிக்காக ஏற்பட்ட சந்திப்பு என்பதால் அது கொடுமையாக மாறவும் அதிக நாள் ஆகவில்லை. தண்டல்காரர்கள் வரிப்பாக்கிக்காகக் குடியானவர்களை வதைத்தார்கள். கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைக்கும் அண்ணாந்தாள், விரல்களை நெரிக்கும் கிட்டி ஆகியவை அந்தக் காலத்து வருவாய்த் துறையின் கருவிகள். 1852-இல் கசுலு லட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னைச் சுதேசி சங்கம் இதையெல்லாம் எழுதி லண்டன் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. விளைவாக எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்து 1855-இல் அறிக்கை கொடுத்தது. சில மாதங்களுக்குள் மாகாணம் முழுவதிலுமிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் வந்து சேர்ந்தன. பல நாள் நடந்து சென்னைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. உள்ளூர்க் கச்சேரியில் காது கிடைக்காதபோது அதற்கு மேலே ஒரு காதைத் தேடிப் போகும் பழக்கம் தமிழ்நாட்டில் அப்போதே வேர்விட்டுவிட்டது. இன்று தாலுகாவில் தீராத காரியத்துக்குக் கலெக்டர் ஆபீஸ், அங்கேயும் தீராவிட்டால் முதலமைச்சரின் தனிப்பிரிவு என்று சனம் ஏறிப்போகும் படிக்கட்டு அதுதான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மனிதர் என்று ஒருவர் சேலத்தில் தோன்றியது இன்னும் பிற்பாடு. சேலம் விஜயராகவாச்சாரியார் நகராட்சியிலும், 1895 முதல் சென்னைச் சட்டசபையிலும் இருந்தார். 1920-இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அதே 1920-இல் நடந்த மாகாணத் தேர்தலில் வாக்குரிமை, மக்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான். சொத்தும் வரியும் உள்ளவர்களே வாக்காளர்கள். திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926-இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். அந்தக் காலத்தில் வேட்பாளர் எல்லா வீட்டுக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை. ஊருக்கு நாலு பெரிய வீடுகளுக்குப் போனால் போதும். மற்றவர்கள் தங்கள் குறையைச் சொல்ல பரம்பரைக் கிராம அதிகாரிகளான மணியக்காரரையும் கர்ணத்தையும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

1937 அக்டோபர் முதல் தேதி அந்த நிலைமையில் ஒரு திருப்பம். சேலம் நகராட்சியின் தலைவராக இருந்து, புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் மதுவிலக்குப் பிரசாரம் செய்த ராஜாஜி இப்போது மாகாணத்தின் பிரதமர். மதுவிலக்கை அவர் முதலில் கொண்டுவந்தது தன் சொந்தச் சேலம் மாவட்டத்தில். கள்ளுக்கடைகளை மூடவைத்த உத்தரவு அதே கலெக்டர், அதே தாசில்தார், அதே மணியக்காரர் வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. ஆனால் அதன் ஊற்றுக்கண் ஒரு தேர்தல் வாக்குறுதி. அதுவரை வரி கேட்கவே வந்துகொண்டிருந்த கச்சேரி, வாக்குப் பெற்ற ஒருவர் கொடுத்த சொல்லைச் சுமந்துகொண்டு வீட்டு வாசலுக்கு வந்தது. மதுவிலக்கு வென்றதா தோற்றதா என்பது வேறு விவாதம். குடியானவருக்கும் அரசுக்கும் இருந்த உறவு அன்றைக்குத்தான் திசை மாறியது என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.

முழுத் திருப்பம் 1952-இல். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று சின்னம் ஒட்டி வைத்திருந்தார்கள். எழுத்தறியாதவர் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டார். ஒரே நாளில் பண்ணையாளின் சீட்டும் பண்ணைக்காரரின் சீட்டும் ஒரே எடை ஆகிவிட்டன. அதுவரை மனுவோடு நடந்தவர் குடியானவர். இப்போது கும்பிட்ட கையோடு நடக்க வேண்டியவர் வேட்பாளர்.

இங்கேதான் எந்தச் சட்டத்திலும் எழுதாத ஒரு தொடர்பு முறை வளர்ந்தது. சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு அரசியல்வாதியைப் பற்றி விசாரித்தால் முதலில் வருகிற கேள்வி, 'நல்லது கெட்டதுக்கு வருவாரா?' என்பதுதான். கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனை புகுவிழா, எழவு எல்லாம் இதில் அடக்கம். எழவு வீட்டில் வாசற்படி ஏறி, அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, செத்தவரின் மகனிடம், "எப்படிங்க ஆச்சு? போன மாசம்கூடப் பார்த்தனே" என்று கேட்டுவிட்டுப் போகிறவரை அந்தக் குடும்பம் மறக்காது. முகூர்த்த நாளில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் ஏறி இறங்க வேண்டிய மண்டபங்கள் பல. எந்த ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்ற செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பவர் கிளைச் செயலாளர். தமிழ்நாட்டுக் கட்சிகளின் உண்மையான தபால்காரர் அவர்தான்; அவருடைய உழைப்பை வரலாற்று நூல்கள் போதுமான அளவு எழுதவில்லை.

தனி மனிதரின் மனு இருப்பது போலவே ஊர் மொத்தமும் சேர்ந்து கொடுத்த மனுவும் உண்டு. கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது பல தலைமுறைகளாகத் தெரிந்த விஷயம். அதை வைத்துச் சேலத்துக்கு ஓர் உருக்காலை வேண்டும் என்ற கோரிக்கை ஐம்பதுகளிலிருந்தே எழுந்தது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இதற்காகவே 'எழுச்சி நாள்' நடத்தினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு மத்திய அரசில் உருக்குத் துறை அமைச்சரானவர் மோகன் குமாரமங்கலம், முதல் மந்திரி சுப்பராயனின் மகன். 1973-இல் அவர் விமான விபத்தில் இறந்தார். ஆலை உற்பத்தியைத் தொடங்க எண்பதுகள் பிறக்க வேண்டியிருந்தது. அதுவும் வெளியிலிருந்து வந்த எஃகை உருட்டித் தகடாக்கும் ஆலையாக. கஞ்சமலைத் தாது அந்த உலைக்குப் போகவே இல்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. மனு எழுதிப் பழகிய ஊருக்கு இதுவும் பழகிய அனுபவமே.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. மணியக்காரர் போனார், கர்ணம் போனார். தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊர்க் கணக்கு ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வெளியே வந்தது பெரிய விடுதலை. கணக்கு யார் வீட்டில் இருக்கிறதோ அந்தத் திண்ணையைத் தாண்டி எந்த மனுவும் போனதில்லை என்ற காலம் அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு மனு வாங்கும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆராய்ச்சி மணி கட்டிய சோழன் பெயரில் மனுநீதி நாள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். 2013-இல் அம்மா திட்டம். 2016-இல் 1100 என்ற தொலைபேசி எண். எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது 2019 ஆகஸ்டில் சிறப்புக் குறைதீர்க்கும் திட்டத்தைத் தன் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார். 2021 ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் ஊர் ஊராகப் போய் மனுக்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆட்சிக்கு வந்தால் நூறு நாளில் தீர்வு என்றார். மனு கொடுத்தவருக்கு எண் போட்ட ஒப்புகைச் சீட்டும் கொடுத்தார்கள். வெற்றி பெற்றதும் அதற்கெனத் தனித்துறையே அமைந்தது. 2023 பிப்ரவரியில் முதலமைச்சராகக் கள ஆய்வுக்குச் சேலம் வந்தவர் ஓமலூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குள் நேராக நுழைந்து அங்கிருந்தவர்களிடம் விசாரித்தார். 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள்.

இத்தனை பெயர்கள் மாறினாலும், பெட்டியில் விழுந்த தாள் கடைசியில் போய்ச் சேரும் மேசை ஒன்றுதான். உட்பிரிவோடு கூடிய பட்டா மாறுதலுக்கு நில அளவர் வந்து சங்கிலி பிடித்தாக வேண்டும். அந்த இடத்தில் ஆள் போதாவிட்டால், முதலமைச்சரே மனுவைக் கையில் வாங்கியிருந்தாலும் வண்டித்தடம் திறக்காது. இந்தத் திட்டங்கள் வேண்டாதவை என்று சொல்லிவிட முடியாது. திண்ணைக்குப் பயந்து வாழ்ந்த சனம் ஒரு எண்ணைச் சுழற்றித் தலைநகரத்தோடு பேச முடிவது சின்ன விஷயமல்ல.

ஓமலூரிலேயே பதில் எளிதில் கிடைக்காத மனுக்களும் இருக்கின்றன. சேலம் விமான நிலையம் இருப்பது ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில். அதை விரிவாக்க ஏறக்குறைய 570 ஏக்கர் எடுக்கப்போவதாக 2018-இல் செய்தி வந்ததும் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி நான்கு ஊர்க்காரர்களும் கலெக்டர் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். அவர்கள் பட்டா கேட்கவில்லை. இருக்கிற பட்டாவை விட்டுவிடச் சொன்னார்கள். ரீட் காலத்தில் சர்க்கார் கூப்பிட்டுக் கொடுத்த காகிதம் அது.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஓமலூரில் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் மோகன் குமாரமங்கலம். உருக்குத் துறை அமைச்சரின் பேரன், முதல் மந்திரியின் கொள்ளுப்பேரன். கொள்ளுத்தாத்தா ஊருக்கு நாலு வீடு ஏறி இறங்கியிருந்தால், கொள்ளுப்பேரன் ஏறக்குறைய மூன்று லட்சம் வாக்காளர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வென்றவர் அ.தி.மு.க.வின் ஆர். மணி.

அடுத்த ஜமாபந்திக்கும் பந்தல் போடுவார்கள். வரிசையில் நிற்கும் அம்மா கையிலுள்ள பிளாஸ்டிக் உறையைத் திறந்தால் ரேஷன் கார்டு, ஆதார் நகல், வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ், அவற்றோடு முந்தைய முகாம்களில் வாங்கிய ஒப்புகைச் சீட்டுகள் இரண்டு மூன்று இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு எண். எந்த ஆட்சியில் வாங்கிய சீட்டு என்று பார்க்காமல் அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் புது மனுவோடு மேசைமேல் வைப்பார்.