தாத்தா காரை மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டுவரப் போறீங்களா? ஸ்பேனரைத் தொடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை என்னென்ன?

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தார்ப்பாய்க்கு அடியில் தாத்தா காலத்து அம்பாசிடர். அப்பா காலத்தில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். சித்தப்பா காலேஜ் படிக்கும்போது கை கியரைத் தரை கியராக மாற்றி, அகலமான டயரும் போட்டார். அதன்பிறகு பல வருஷமாக யாரும் தொடவில்லை. இப்போது பேரனுக்கு அதை ஓட்டிப் பார்க்க ஆசை.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. கார் அம்பாசிடராகவோ, ஃபியட்டாகவோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவோ இருக்கலாம். ஆனால் ஆசையாகக் கழற்றிப் போட்ட கார் மறுபடியும் பூட்டப்படாமலேயே பழைய இரும்புக் கடைக்குப் போவதும் நடக்கிறது. பெரும்பாலும் தப்பு மெக்கானிக் மேல் இல்லை. வேலையைத் தொடங்கிய வரிசையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதலில் ஆர்.சி. புக், அப்புறம்தான் கார்

காரின் பானெட்டைத் திறக்கும் முன் பீரோவைத் திறக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண், எரிபொருள், நிறம் ஆகிய நான்கையும் காரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேசிஸ் எண் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது என்ன கார் என்று தெளிவாகும்வரை அதில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. இன்ஜின் எண் மாறியிருந்தால், அந்த மாற்றத்தை அப்போதே ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்தார்களா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் 'பெட்ரோல்' என்று இருந்து, உள்ளே டீசல் இன்ஜின் இருந்தால் அதுதான் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல்.

கவனிக்க வேண்டிய மற்றவை:

• உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும்.

• சொந்த உபயோக காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பிறகு எஃப்.சி. பார்த்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கான புதுப்பித்தல் கட்டணம் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

• கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால், அதன் விவரம் பரிவாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு ஏற்றிக்கொள்வது நல்லது.

எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள்?

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகமும் செல்போன் கேமராவும் போதும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக், ஸ்டீயரிங், ஒயரிங், பாடி என ஒவ்வொன்றாகப் பார்த்து, எது கம்பெனியில் வந்தது, எது பிற்பாடு வைத்தது என்று எழுத வேண்டும்.

ஒரு மாற்றம் அதோடு நிற்பதில்லை. கனமான டீசல் இன்ஜினை வைத்தால் முன்பக்க ஸ்பிரிங்குகள் தாழும். 1990-களில் வந்த 1800 சிசி இசுசூ இன்ஜினைப் பழைய காரில் பொருத்தினால் வேகம் கூடும். ஆனால் பிரேக் அதே பழைய டிரம் பிரேக்காகவே இருக்கும். அந்தக் காலத்து கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு இடத்தில் ஹோஸ் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். உள்ளே உட்காரப் போவது நம்ம வீட்டு ஆட்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஒயரிங்கிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. 1960-களின் பல பிரிட்டிஷ் வடிவமைப்பு கார்களில், இன்றைய முறைக்கு நேர்மாறாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் புது ஆல்டர்நேட்டரையோ ஸ்டீரியோவையோ இணைத்தால் நொடியில் கருகிவிடும்.

பாடியைப் பொறுத்தவரை பெயிண்டை நம்பக் கூடாது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடுக்குப் பதில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். கதவுக்குக் கீழே உள்ள சட்டம், தரைத் தகடு, டிக்கியின் அடிப்பகுதி, ஸ்பிரிங் பூட்டும் இடங்கள் ஆகியவைதான் துரு முதலில் குடியேறும் இடங்கள்.

ஹெரால்டுக்கும் அம்பாசிடருக்கும் என்ன வித்தியாசம்?

பார்வைக்கு இரண்டுமே பழைய கார்தான். கட்டமைப்பில் வேறு வேறு ஜாதி.

1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு. பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் பாடியைத் தூக்கிவிட்டு சேசிஸில் தனியாக வேலை பார்க்கலாம்.

1958 முதல் 2014 வரை ஓடிய அம்பாசிடரில் அப்படித் தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. அதன் கூரையை வெட்டி 'ஓப்பன் டாப்' ஆக்கினால் நடுப்பகுதி தொய்யும், கதவு சரியாக மூடாது. துருப்பிடித்த கீழ்ச்சட்டத்தை வெட்டும்போதும் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே கம்பி வைத்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். முன்பு யாராவது வெட்டி ஒட்டிய காராக இருந்தால், மற்ற வேலைகளுக்கு முன் கட்டமைப்பின் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்.

பழையபடியா, புது ஸ்டைலா? சட்டம் என்ன சொல்கிறது?

பட்டியல் கையில் வந்தபிறகுதான் பெரிய முடிவை எடுக்க வேண்டும். காரை கம்பெனி வடிவத்துக்கே திருப்புவதா, விருப்பப்படி கஸ்டம் காராகக் கட்டுவதா? இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் இல்லை.

மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. அதன்படி முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, சொந்த உபயோக இருசக்கர வாகனங்களும் கார்களும் விண்டேஜ். ஆனால் வயது மட்டும் போதாது. வாகனம் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

தகுதி பெற்றால், ஏற்கெனவே பதிவான காருக்குப் பழைய நம்பரே தொடரும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'விஏ' எழுத்துகள் கொண்ட தனி வரிசை. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம்.

'நமக்கு விண்டேஜ் அந்தஸ்து வேண்டாம், சாதாரணப் பதிவே போதும்' என்று நினைத்தாலும் கை கட்டித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பிரிவு 182ஏ-ன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

நிறம் மாற்றலாம்; ஆனால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். இன்ஜின் மாற்ற ஆர்டிஓவின் அனுமதி தேவை. சிஎன்ஜி, மின்சாரம் போன்றவற்றுக்கு மாற்ற, அந்த மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட் இருக்க வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டி, விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கிளைம் மறுக்கப்படலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆக, பட்டியலோடு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் வாய்விட்டுக் கேட்டுவிடுவது, பின்னால் வரும் பெரிய செலவைத் தடுக்கும். அசல் வடிவம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கோவையில் ஜிடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் விண்டேஜ் கார் ஆர்வலர்களின் சங்கங்களும் இருக்கின்றன.

'ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?'

எல்லோருக்கும் வரும் ஆசை. அவசரப்படக் கூடாது. பல வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். செல்ஃப் அடித்தால் ரிங் உடையும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் பழைய ஆயிலையும் டேங்கில் உள்ள பழைய பெட்ரோலையும் வடித்துவிட்டு, கம்ப்ரஷன் பார்க்கலாம். ரீபோரிங் தேவையா என்பது அப்போதுதான் தெரியும்.

கழற்றும்போது என்ன செய்ய வேண்டும்?

காரைக் கழற்ற ஒரு வாரம் போதும். பூட்ட மாதங்கள் ஆகும். அதற்குள் எந்த நட்டு எங்கே இருந்தது என்பது மறந்துவிடும். ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் போட்டோ, நட்டு போல்ட்டுகளுக்குத் தனித்தனி பை, அதன்மேல் பெயர். உடைந்த பாகத்தையும் தூக்கி எறியக் கூடாது. புதுப்பேட்டையில் அதே பாகத்தைத் தேடும்போதும், லேத் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லும்போதும் அதுதான் அளவு காட்டும்.

மொத்தக் காரையும் ஒரே நேரத்தில் பிரிக்காமல், ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

எந்த வேலை முதலில்?

பலர் செய்யும் தவறு, முதலில் பெயிண்ட் அடிப்பது. கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் வெல்டிங் வைக்கும்போது எல்லாம் பாழாகும். சரியான வரிசை இதுதான்:

1. துரு நீக்கி, சேசிஸ் அல்லது பாடி கட்டமைப்பைச் சரிசெய்வது
2. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்
3. இன்ஜின், கியர்பாக்ஸ்
4. எல்லாவற்றையும் பெயிண்ட் இல்லாமலே ஒருமுறை பூட்டி, கதவும் பானெட்டும் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது
5. மறுபடி கழற்றி, டிங்கரிங் முடித்து பெயிண்டிங்
6. புது ஒயரிங், கண்ணாடி, சீட், குரோம்

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

2000-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய இன்ஜின்களின் வால்வு சீட்டுகளுக்கு ஈயம் ஒரு பாதுகாப்பு. எனவே ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்வது நல்லது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கட் ஆகியவை சீக்கிரம் கெட்டுப்போகும். கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

காரைப் பிரித்து, பட்டியைச் சுரண்டிப் பார்க்கும் முன் யார் சொல்லும் மொத்தத் தொகையும் குத்துமதிப்புதான். அதனால் மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசி முன்பணம் கொடுப்பதைவிட, மேலே சொன்ன ஒவ்வொரு கட்டமாகப் பேசி, அது முடிந்தபிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பு. நடுவில் பணம் தட்டுப்பட்டாலும், முடிந்த வேலை முடிந்ததாகவே நிற்கும்.

எல்லா மாற்றத்தையும் அழித்துத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. ஆர்.சி.யில் பதிவான மாற்றமாக, பாதுகாப்புக்குக் குறை இல்லாததாக இருந்தால் அப்படியே விடலாம். அப்பா வைத்த இன்ஜினும் அந்தக் காரின் வரலாறுதான். அதை வைத்துக்கொண்டால் விண்டேஜ் பதிவு கிடைப்பது கஷ்டம். அசலுக்குத் திருப்பி விண்டேஜாகப் பதிவு செய்தால் தினமும் ஓட்ட முடியாது. இரண்டில் எது வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தபிறகு கொட்டகையைத் திறந்தால், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும் கார் ரோட்டுக்கு வர வாய்ப்பு அதிகம்.