உப்பைத் தின்ற சாலைகளும் துருப்பிடித்த சேஸிஸும்

பழைய வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பெயிண்டைப் பார்ப்பார். பிறகு டயர், அதற்குப் பிறகு எஞ்சின் சத்தம். தரையில் படுத்து, டார்ச் அடித்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் லாரிக்கும் பிக்கப் வண்டிக்கும் முதுகெலும்பு அங்கேதான் இருக்கிறது. நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்க நான்கைந்து குறுக்குச் சட்டங்கள். பார்ப்பதற்கு ஓர் ஏணியைப் படுக்க வைத்தது போல இருக்கும். எஞ்சின், கேபின், எரிபொருள் டாங்க், கமான் பட்டைகள், சரக்குப் பெட்டி எல்லாமே இந்த ஏணியின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதுதான் சேஸிஸ்.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. அவற்றின் உடலே எடையைத் தாங்குகிறது. லாரிகளும் பிக்கப்களும் மட்டும் பழைய முறையை விடவில்லை. எனவே இவற்றில் கதவு துருப்பிடித்தால் அழகு போகும், சேஸிஸ் துருப்பிடித்தால் வண்டியே போய்விடும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிதாகத் தெரியாத இந்தப் பிரச்சினை எப்படி ஆயிரக்கணக்கான வண்டிகளை முறித்தது என்பது சுவையான வரலாறு.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ.ஓ. ஸ்மித் என்ற நிறுவனம் 1921-ல் ஒரு தானியங்கித் தொழிற்சாலையைத் திறந்தது. அதன் வேலை சேஸிஸ் செய்வது மட்டும்தான். எட்டு விநாடிக்கு ஒன்று வீதம், ஒரு நாளைக்குச் சுமார் 10,000 சேஸிஸ்கள் அங்கிருந்து வெளிவந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேகம்! அந்தக் காலச் சட்டங்கள் பெரும்பாலும் நம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போன்ற வடிவம் கொண்டவை. ஒரு பக்கம் திறந்தே இருக்கும். சேறு படிந்தால் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் பட்டால் வடிந்துவிடும். மேலே ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்ட், அவ்வளவுதான். அக்கால எஞ்சின்கள் எப்போதும் கொஞ்சம் ஆயில் ஒழுக்கிக்கொண்டே இருந்ததால் யாரும் கேட்காமலே சேஸிஸுக்கு எண்ணெய்க் குளியல் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

முக்கியமான காரணம் வேறு. அன்றைய சாலைகளில் உப்பு இல்லை. பனி விழும் வட மாநிலங்களில், சறுக்கு வண்டிகள் ஓட வசதியாகப் பனியை உருளை வைத்து அழுத்திவிடுவது குதிரைகள் காலத்து வழக்கம். மோட்டார் வண்டிகள் பெருகிய பின் மணலையும் நிலக்கரிச் சாம்பல் கட்டிகளையும் தூவினார்கள். சறுக்காமல் இருக்க அது உதவியது. பனியை அது உருக்காது.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் சாலையில் உப்புத் தூவிச் சோதனை செய்தது. 1941-42 குளிர்காலத்தில் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளில் சுமார் 5,000 டன் உப்புக் கொட்டப்பட்டது. போர் முடிந்தது, புறநகர்கள் வளர்ந்தன, 1956-ல் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. பனி பெய்தாலும் தார்ச்சாலை கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். 1960-களின் முடிவுக்குள் உப்பின் அளவு ஆண்டுக்கு ஒரு கோடி டன் அளவை எட்டியது. இன்று சுமார் இரண்டு கோடி டன் என்று கணக்கிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்களின் தலைநகரம் என்று பெயர் பெற்ற டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து தோண்டி எடுக்கும் உப்பு சாலைகளுக்குத்தான் போகிறது. மேலே வண்டி செய்கிறார்கள், கீழே அதைத் தின்னும் பொருளைத் தோண்டுகிறார்கள்!

உப்பு ஏன் இரும்பைத் தின்கிறது? துரு என்பது உண்மையில் ஒரு சின்ன பேட்டரியின் வேலை. இரும்பின் ஓர் இடம் கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது, இன்னோர் இடத்தில் ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொள்கின்றன. நடுவில் மின்னோட்டம் போக ஈரம் வேண்டும். வெறும் மழைத்தண்ணீர் அவ்வளவு நல்ல மின்கடத்தி அல்ல. உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி. அதுவுமில்லாமல் உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடப்பதுதான். கடும் குளிரிலும் வேலை செய்யும் என்று பின்னாளில் பரவலாகத் தெளிக்கத் தொடங்கிய கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் 30 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்குகின்றன. அதாவது மழை நின்றாலும், பனி விட்டாலும், சேஸிஸின் மூலையில் ஒட்டியிருக்கும் அந்தக் கரைசல் எளிதில் காயாது. இதனால் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக, உப்புச் சேறோடு வந்த வண்டியைக் கதகதப்பான கராஜில் நிறுத்துவது வெளியே பனியில் விடுவதைவிடக் கெடுதல். குளிரில் மெதுவாக நடக்கும் வேதிவினை சூட்டில் வேகம் பிடிக்கும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். இங்கே தின்றது சாலை, தண்ணீர் குடித்தது வண்டிக்காரர். ஆனாலும் உப்பை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. பனிச்சாலையில் சறுக்கிச் சாகாமல் இருந்தவர்களின் எண்ணிக்கை எந்தச் சேஸிஸிலும் எழுதப்பட்டிருக்காது. கேள்வி, அந்தப் பாதுகாப்புக்கான விலையை யார் கொடுப்பது என்பதுதான்.

முதலில் வண்டிக்காரரே கொடுத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த மெக்கானிக் கர்ட் ஸீபார்ட்டின் பெயரில் 1959-ல் டெட்ராய்ட்டில் துருத்தடுப்புக் கடை தொடங்கியது. கதவிலும் தூண்களிலும் சிறு துளைகள் போட்டு, உள்ளே மெழுகு போன்ற பொருளைத் தெளித்து, துளையைப் பிளாஸ்டிக் மூடியால் அடைப்பது அவர் முறை. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது என்பதைப் புரிந்துகொண்ட வேலை அது. மற்ற பலர் அடிப்பாகம் முழுவதும் தார் போன்ற தடித்த பூச்சை அப்பினார்கள். பார்க்கப் புதுசு போலப் பளபளக்கும். சில ஆண்டுகளில் அது காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் உப்புத் தண்ணீர் புகும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். காப்பாற்ற வந்ததே காவு வாங்கிய கதை. துருவின் மேல் தடித்த கறுப்புப் பூச்சு அடித்து விற்கப்படும் பழைய வண்டிகள் இன்றும் உண்டு.

இதற்கு மாறாக, காயாத எண்ணெய் வகைகள் அமைதியாக வேலை செய்தன. ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின் என்ற பிசுக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் தொட்டிகளைக் காக்கப் பயன்பட்டது. அதே வகைத் திரவம் பிற்பாடு லாரிகளின் அடியில் தெளிக்கப்பட்டது. பார்க்க அழகில்லை, கையில் ஒட்டும், தூசி பிடிக்கும், ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் காயாததால் வெடிக்காது, இடுக்குகளில் தானே ஊர்ந்து போகும். பழைய பண்ணைக்காரர்கள் கழிவு எஞ்சின் ஆயிலை அடித்ததும் இதே எண்ணத்தில்தான். அதில் கலந்திருக்கும் உலோகத் துகள்களும் அமிலங்களும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு என்பதால் அந்த வழக்கத்தைப் பரிந்துரைக்க முடியாது.

நடுவில் மின்சாரப் பெட்டிகளும் வந்தன. பேட்டரியில் இணைத்தால் வண்டி துருப்பிடிக்காது என்று விளம்பரம். 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் தாமிரத் தகடுகளை இரும்பு, துத்தநாகத் துண்டுகளால் காப்பாற்ற முடியும் என்று காட்டியது உண்மைதான். ஆனால் அது கடலில் மூழ்கியிருக்கும் கப்பல். மின்சுற்று முடிய முழுவதும் தண்ணீர் இருக்கிறது. காற்றில் ஓடும் லாரிக்கு அது எங்கே? 1990-களின் நடுவில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட ஒரு விற்பனையின் மீது நடவடிக்கை எடுத்தது.

1980-களில் துத்தநாகம் பூசிய தகடுகள் வண்டிகளின் உடலுக்குப் பரவலாக வந்தன. மின்சாரத் தொட்டியில் முக்கிப் பெயிண்ட் ஏற்றும் முறையும் நன்றாகத் தேறியிருந்தது. கதவுகளும் பானெட்டும் பத்து, பதினைந்து ஆண்டுகள் பளிச்சென்று நின்றன. பல பிக்கப்களின் சேஸிஸுக்கு மட்டும் வெறும் பெயிண்டோ மெழுகோதான். இதே காலத்தில் வண்டி குலுங்காமல் உறுதியாக ஓட வேண்டும் என்பதற்காக 'ப' வடிவச் சட்டங்களின் இடத்தில் நான்கு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டங்கள் வரத் தொடங்கின. உறுதி கூடியது. ஆனால் உள்ளே போன சேறு வெளியே வர இருப்பது சில துளைகள்தான். அவை அடைத்துக்கொண்டால் சட்டம் உப்பு ஊறும் ஜாடியாகிவிடும். மேலே பளபளப்பு, உள்ளே புற்று. முன்பெல்லாம் உடல் முதலில் உதிர்ந்து உரிமையாளரை எச்சரிக்கும். இப்போது அந்த எச்சரிக்கையும் போய்விட்டது.

இந்த மாற்றத்தின் விளைவு டொயோட்டாவின் டகோமா பிக்கப்பில் வெடித்தது. 2008-ல் அந்நிறுவனம் 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேஸிஸ் துருவுக்கான உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மோசமாக அரித்துப்போன வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. 2009-ல் 2000-2003 டண்ட்ரா வண்டிகள் சுமார் 1,10,000 திரும்ப அழைக்கப்பட்டன. பின் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து ஸ்டெப்னி டயர் சாலையில் விழலாம், பிரேக் குழாய் சேதமாகலாம் என்பது காரணம். சேஸிஸ் செய்து கொடுத்த டானா நிறுவனம் 2011-ல் டொயோட்டாவுக்கு 2.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

பிறகு வழக்கு. 2016-ல் எட்டிய சமரசம் 2005-2010 டகோமா, 2007-2008 டண்ட்ரா, 2005-2008 செக்கோயா என்று சுமார் 15 லட்சம் வண்டிகளை உள்ளடக்கியது. மொத்த மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். டொயோட்டா தன் மேல் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சேஸிஸில் 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஓட்டை இருந்தால் புதிய சேஸிஸ் மாற்றித் தருவதாக ஏற்றது. ஒரு வண்டிக்கு அதன் செலவு 15,000 டாலர் வரை. சட்டம், வண்டிக்காரர் தலையில் இருந்த சுமையை ஒரு முறையாவது தயாரிப்பாளர் பக்கம் நகர்த்தியது. வண்டி முதலில் விற்கப்பட்ட நாளிலிருந்து 12 ஆண்டு என்ற வரம்பு இப்போது முடிந்துவிட்டதால், மிச்சமிருக்கும் அந்த வண்டிகளின் துரு மறுபடியும் உரிமையாளரின் சொந்தப் பிரச்சினை.

அவர்கள் செய்வது என்ன? முதலில் சுத்தியல். சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது, மொத்தென்றால் துரு இருக்கிறது. கமான் பட்டை தொங்கும் இடம், எரிபொருள் டாங்குக்கு மேலே, இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ரிவெட் அடித்த இடம் ஆகியவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். தகடுகளுக்கு நடுவே வளர்ந்து ரிவெட்டையே பிதுக்கிவிடும்.

மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷும் கிரைண்டரும் உப்புத்தாளும் போதும் (உப்பை விரட்டவும் உப்புத்தாள்!). செதில்கள் போன பிறகு நன்றாகத் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவி, முழுக்கக் காய விட வேண்டும். இதைச் செய்யாமல் அவசரமாக அடிக்கும் பெயிண்ட் வீண். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் கலந்த திரவம் தடவுவார்கள். பாஸ்பேட் முறைக்கு பிரிட்டனில் தாமஸ் காஸ்லெட் 1906-லேயே காப்புரிமை பெற்றார். டானிக் அமிலமோ துருவைக் கருநீலப் படலமாக மாற்றுகிறது. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு பட்டால் கறுத்துப்போகுமே, அதே வேதியியல்தான். அதன் மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பெயிண்ட்.

பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு பிரஷ் போகாது. முதலில் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்து, உள்ளே சேறு முழுவதும் வரும்வரை தண்ணீர் பாய்ச்சி, காய்ந்த பிறகு நீண்ட குழாயின் நுனியில் எல்லாப் பக்கமும் பீய்ச்சும் மூக்கை மாட்டி மெழுகோ லானோலினோ தெளிக்கிறார்கள். துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

சுத்தியல் உள்ளே போய்விட்டால் கதை வேறு. ஓட்டையின் மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றியுள்ள இரும்பும் மெலிந்திருந்தால் வெல்டிங் பிடிக்காது, பிடித்தாலும் அதன் ஓரத்திலேயே விரிசல் விடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்ப்பது, அதற்கும் மிஞ்சினால் சேஸிஸையே மாற்றுவது, இரண்டும் தேர்ந்த பட்டறை வேலை. சரக்கு லாரிகளுக்கு அமெரிக்க மத்திய விதியே, சட்டம் விரிசலோ தொய்வோ முறிவோ இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது.

எண்ணெய் அடிப்பதற்கு ஏற்ற காலம் பனி தொடங்குவதற்கு முந்தைய இலையுதிர் காலம். அடித்த பிறகு இரண்டு மூன்று நாள் தரையில் சொட்டிக்கொண்டே இருக்கும், அடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்துவிடுகிறார்கள். குளிர்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தை ஒரு முறை நன்றாகக் கழுவி, மறுபடியும் சுத்தியலை எடுக்கிறார்கள்.