கடிகார நிறுவனமும் பந்தாட்டக் களமும்

பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில், "பந்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்னும் கட்டளை அடிக்கடி ஒலிக்கிறது. இது முற்றிலும் சரிதானா என்று ஆராய்வோம்.

அமெரிக்கரான வால்டர் கேம்ப் (1859–1925) யேல் கல்லூரியில் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். குழுத் தலைவராகவும் இருந்தவர். 1883-இல் நியூ ஹேவன் கடிகார நிறுவனத்தில் சேர்ந்து, 1903-இல் அதன் தலைவரானார்.

அந்நாளில் சில குழுக்கள் முன்னேறாமலே பந்தை வைத்துக்கொண்டு பொழுதைக் கழித்தன. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேறாத குழு பந்தை இழக்க நேரும் என்ற விதி, 1882-இல் கேம்பின் முயற்சியால் பிறந்தது. வாய்ப்புக்கு எல்லை உண்டு, முன்னேற்றத்துக்கு அளவு உண்டு என்பது வாணிகத்துக்கும் பொருந்தும் பாடமன்றோ?

1888-இல் அலுவல் காரணமாக அவரால் பகற்பயிற்சிக்குச் செல்ல இயலவில்லை. மனைவி ஆலிஸ் களத்துக்குச் சென்று குறிப்பெடுத்தார். மாலையில் அக்குறிப்புகளைக் கொண்டே ஆலோசனை நடந்தது. பிறர் திறனை நம்பிச் செயலாற்றுவதும் தலைமைப் பண்பே. ஆயினும், யேலின் இளங்கலை வகுப்புகளில் பெண்கள் இடம்பெற்றது 1969-இல்தான்!

1905-இல் இவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். மறுஆண்டு, பந்தை முன்னோக்கி எறிய விதி இடந்தந்தது. கேம்ப் அதனை எளிதில் ஏற்றாரல்லர். களத்தில் தேர்ந்தவரும் மாற்றத்துக்குத் தயங்குவதுண்டு.

விளையாட்டு தானாகவே தலைவரை ஆக்கிவிடாது. பயிற்சிக்குக் களம் தரும். ஆதலின் பந்தைப் பறிக்குமுன் சிந்திப்போம். கொடுக்குங்கால், மகளுக்கும் சேர்த்தே கொடுப்போம்.