ஈயத்தில் எழுந்த பிரபு

ஜெலாப்பாங் வட்டாரத்துத் தோட்டங்களில் நம் முன்னோர் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று பால்மரம் வெட்டப் புறப்பட்ட அந்தக் காலத்தில், கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களால், அதாவது சுரங்கங்களால், பெருந்தனம் ஈட்டி, அத்தனத்தின் பலத்தாலேயே சட்டசபையில் ஆசனமும் பெற்ற சீனப் பிரபுக்களுள், யூ தோங் சென் என்பவரின் சரித்திரத்தை நாம் அவசியம் அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இவர் 1877-இல் பினாங்கில் பிறந்தார். இவருடைய தந்தை யூ கோங் 1879-இல் கோப்பெங்கில் ஒரு மருந்துக்கடையை ஸ்தாபித்தார். சின்னஞ்சிறு இழுப்பறைகள் சுவர் முழுதும் அடுக்கியிருக்க, வேரும் பட்டையும் தூக்குக்கோலில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் அவ்வகைக் கடையே, காய்ச்சலாலும் அபினாலும் நலிந்த லம்பக் கூலிகளுக்கு வைத்தியசாலையாக விளங்கியது. பின்னாளில் சீனத்திலுள்ள குடும்பத்தாருக்கு அவர்கள் பணம் அனுப்பியதும் இக்கடைகள் வழியேதான். தந்தை 1890-இல் காலமானபின், இருபத்தொரு வயது நிரம்பியதும் சொத்துக்கு உரிமை பெற்ற மைந்தர், லம்பங்களைப் பெருக்கி, ரப்பர்த் தோட்டங்களும் வாங்கி, 'யூ யான் சாங்' என்னும் அம்மருந்துக்கடையின் கிளைகளைச் சிங்கப்பூர், ஹாங்காங் வரை பரப்பினார். ஏழைக் கூலியின் தேவையை அறிந்த குடும்பம் என்பதே அவ்வளர்ச்சிக்கு வித்து என்பது என் துணிபு.

மலாய் ஐக்கிய நாடுகளின் சட்டசபை 1909-இல் கூடியபோது, உத்தியோகஸ்தரல்லாத அங்கத்தினர் நால்வருள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய ஒருவர், ஈப்போவில் ஹான் சின் பெட் சூ சங்கத்தை 1893-இல் நிறுவிய ஈய முதலாளி லியோங் ஃபீ. அவருக்குப் பின் 1911 முதல் 1920 வரை யூ தோங் சென் அச்சபையில் அமர்ந்தார். தேர்தல் என்பதே இல்லை, எல்லாம் நியமனமே. முதல் உலக யுத்தத்தில் அவர் ஆங்கில அரசுக்கு ஒரு டாங்கியையே நன்கொடையாக வழங்க, சீனக் கப்பல்களின் முகப்பில் தீட்டுவது போல் அதன் முகப்பிலும் இரு கண்கள் தீட்டப்பட்டன.

தோட்ட முதலாளிகளின் குரலும் லம்ப முதலாளிகளின் குரலும் இவ்வாறு ஒலித்த அச்சபையில், ரப்பர்ப் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தந்த தமிழனுக்காகப் பேச ஒருவருமில்லை என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தும், கங்காணி முறை பல்லாண்டு நீடித்தது. அச்சபைக்கு முதல் இந்திய அங்கத்தினராக வழக்கறிஞர் வீராசாமி நியமிக்கப்பட்டது 1928-இல்தான். யூ தோங் சென் 1941-இல் ஹாங்காங்கில் மறைந்தார். அதற்குப் பின் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955-இல் நடந்தபோதும், தோட்டத் தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடியுரிமை இன்மையால் வாக்குச்சீட்டு எட்டாமலே இருந்தது.