டயருக்குள் ஒரு சட்டம்

அமெரிக்காவின் வடமாநிலங்களில் குளிர் தொடங்குமுன் பனிக்கால டயருக்கு மாறுவோர் பலர். அவ்வேலைக்குக் கார் விற்பனை நிலையத்தின் பணிமனையை நாடுபவர், டயர் மாற்றிய கூலிக்குக் கீழே வேறு சில வரிகளையும் ரசீதில் காணக்கூடும்: காற்றழுத்த உணரியைக் கழற்றிப் பூட்டியதற்கு, அதன் ரப்பர் வளையத்தையும் நட்டையும் புதிதாக இட்டதற்கு, உணரியைக் காரின் கணினிக்கு அறிமுகம் செய்ததற்கு. இதைப் பகற்கொள்ளை என்று வைவோர் உண்டு. அவ்வரிகளுக்குப் பின்னால் 271 பேரின் சாவு இருக்கிறது என்பதை அறிந்தோர் குறைவு.

1990களில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்ட சிலவகை ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை, ஓட்டத்தின்போதே உரிந்து பிரிந்தது. உயரமான அவ்வண்டிகள் நிலைகுலைந்து உருண்டன. 2000 ஆகஸ்டில், பயன்பாட்டிலிருந்த ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை இவ்விபத்துகளோடு தொடர்புபடுத்திய இறப்புகளே மேற்சொன்ன 271. டயரில் குறையா, வண்டியில் குறையா என்ற பூசல் எழுந்தது. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் கேட்டதோ 30. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நெளியும், நெளிவு வெப்பமாகும், வெப்பம் ரப்பருக்கும் எஃகிழைக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்தும். 1906 முதல் ஃபோர்டுக்கு டயர் கொடுத்து வந்த நிறுவனம் ஃபயர்ஸ்டோன். 1947இல் இரு குடும்பங்களும் கொண்டு கொடுத்துச் சம்பந்திகளும் ஆயின. அந்த உறவு 2001 மே மாதம் முறிந்தது. நம் காப்பியப் புலவர் எவர் கையிலேனும் கிடைத்திருக்க வேண்டிய கதை!

2000 நவம்பரில் ‘டிரெட்’ சட்டம் பிறந்தது. டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி வேண்டும் என்றது அது. எத்தகைய கருவி என்பதில்தான் சிக்கல். சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு அறியும் மலிவான வழி ஒன்றிருந்தது; காற்றிறங்கிய டயரின் ஆரம் குறைவதால் அச்சக்கரம் சற்று விரைந்து சுழலும். ஆனால் நான்கிலும் ஒருசேரக் காற்று இறங்கினால், ஒப்பிட ஏது? 2002இன் விதி இவ்வழியையும் ஏற்றது. நுகர்வோர் அமைப்பினர் வழக்குத் தொடுத்தனர். 2003 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. 2005இல் வந்த புதிய விதி, நான்கில் எதில் 25 விழுக்காடு குறைந்தாலும், எல்லாவற்றிலுமே குறைந்தாலும், விளக்கு எரிய வேண்டும் என்றது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கே புதிய கார்கள் அனைத்துக்கும் அது பொருந்தியது.

நிறுவனங்கள் பெரும்பாலும் சக்கரத்துக்குள்ளேயே உணரியை வைத்தன. தமிழில் நாம் உலோக வளையத்தையும் டயரையும் சேர்த்துச் சக்கரம் என்று சொல்லிவிடுகிறோம். இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். உணரி பெரும்பாலும் டயரில் இல்லை. உலோக வளையத்தில், காற்றடைக்கும் வால்வோடு இணைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைக் கணினி அறிந்திருந்தால்தான் செய்தி செல்லும். சில கார்கள் சிறிது தூரம் ஓடியதும் தாமே கற்றுக்கொள்ளும். வேறு சிலவற்றுக்குத் தனிக்கருவி வேண்டும்.

பனிக்காலத்துக்கென வேறொரு சக்கரத் தொகுதி வாங்குபவரின் நிலை இதனால் இக்கட்டாகிறது. பாதுகாப்புச் சாதனத்தை அறிந்தே செயலிழக்கச் செய்வது விற்பனையாளருக்கும் பணிமனைக்கும் சட்டப்படி குற்றம். உரிமையாளர் தாமே செய்தால் அவ்விதி தொடாது. பழைய உணரியைப் புதுச் சக்கரத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது வாடிக்கையாளரைப் புதிய உணரி வாங்க இசைவிக்க வேண்டும், இரண்டும் இயலாதெனில் வேலையையே மறுக்க வேண்டும் என்று 2011இல் அத்துறை விளக்கமளித்தது. ஆகவே, டயரைப் பிதுக்கி, உணரியைப் பெயர்த்து, மறுபடி சமன்செய்யும் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயமே. எண்ணை அறிமுகம் செய்ய வாங்கும் பணத்தைப் பற்றி எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கிய அரசு, உரிமையாளரே அந்த எண்ணைப் பதியும் வழியையும் கட்டாயமாக்கியிருக்கலாம். அதை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டது பெரும்பிழை.

அண்டை நாடான கனடா உணரியைக் கட்டாயமாக்கவில்லை. அதன் கியூபெக் மாகாணம் 2008இல் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. உணரியில்லாச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு, கண்முன்னே மஞ்சள் விளக்கு எரிய எரிய, அங்கே பனிக்காலம் முழுவதும் வண்டியோட்டுவோர் உண்டு.