மெழுகிய தரையும் தொழும் இடமும்

காவிரிப் படுகையின் பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் தூணையும் திண்ணையையும் முற்றத்தையும் வருணிப்பர். தரையை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. தொழுகையுள்ள குடும்பத்துக்கோ வீட்டில் முதலிடம் தரைக்குத்தான். ஒரு நாளில் எத்தனையோ முறை நெற்றி படும் இடம் அது.

தஞ்சைக் கழனியின் மண் களிமண். நீர் பட்டால் குழையும், காய்ந்தால் வெடிக்கும். அதைப் பிணித்து வைக்க நார் வேண்டும். அதற்கு ஊரார் கண்ட எளிய வழி மாட்டுச் சாணம். அதிலுள்ள செரிக்காத வைக்கோல் நார் களிமண்ணை இறுக்கிப் பிடிக்கும். மேலே மெழுகினால் புழுதியும் அடங்கும். ஆனால், சாணம் நம்மிடையே வழங்கும் இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். கடலோரத்து நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். உள்நாட்டு இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபீகள். உண்ணத் தகும் பிராணிகளின் சாணத்தைத் தூய்மையெனக் கொள்ளும் மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகள் சோழநாட்டில் வேரூன்றவில்லை. அவ்வாறாயின் மண்தரையில் வாழ்ந்த நம் முன்னோர் என்ன செய்தனர்?

இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) எகிப்தில் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம், சாணம் கலந்த மண்ணால் வனைந்த பாண்டங்களில் உளூச் செய்யலாமா என்று வினவப்பட்டதாம். நிலைமை நெருக்கும்போது சட்டம் இடம் விட்டுக் கொடுக்கும் என்ற கருத்தில் அன்னார் விடையளித்ததாக நூலோர் குறிப்பர். ஹனஃபீ அறிஞர்களும் இதையே வேறு வழியில் அணுகினர். பூச்சுக்காகச் சாணத்தை மண்ணில் குழைப்பது தவிர்க்க முடியாத தேவை; அதில்லாமல் பூச்சு அமையாது; ஆகவே அந்த மண்ணை நஜீஸாகக் கொள்வதில்லை என்றனர். ஒளரங்கசீப் (ஆட்சி 1658–1707) ஆணையால் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியிலும், இவ்வாறு பூசிக் காய்ந்த கூரைமேல் ஈரத் துணியை வைத்தாலும் துணி நஜீஸாகாது என்னும் தீர்ப்பு உண்டு.

உலர்ந்த நஜீஸின்மேல் தூய விரிப்பை இட்டுத் தொழுதால் கூடும் என்பது இரு மத்ஹபிலும் உள்ளது. வாய்க்கால் கரையெல்லாம் கோரை வளரும் நாட்டில் பாய்க்கா பஞ்சம்? நெற்றிக்குப் பாய் ஆயிற்று. கிணற்றடியில் உளூச் செய்த ஈரக்காலுடன் பாய்வரை நடந்து வருவதுதான் சிக்கல். ஈரமான கால் நஜீஸில் பட்டால் கழுவியே ஆகவேண்டும் என்பர் ஷாஃபிஈகள். காலில் அதன் அடையாளம் தோன்றாவிடில் குற்றமில்லை என்பர் ஹனஃபீகள். கிணற்றடியில் ஒரு சோடி மரக்கட்டை மிதியடி ஏன் எப்போதும் கிடந்தது என்பது சட்டநூல் ஓதிய பிறகே நமக்கு விளங்கிற்று.

1980களின் நடுவில் மதரஸாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நாம், புதிதாய்க் கற்ற இந்தச் சலுகையை நம் தாய்வழிப் பாட்டியாரிடம் பெருமிதத்தோடு எடுத்துரைத்தோம். நன்னி அப்போது தரைக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார். வல்லத்து மேட்டுப் பக்கமிருந்து வண்டியில் வந்த செம்மண், களிமண், நறுக்கிய வைக்கோல், உமி. இவையே அவர் கலவை. சாணத்தைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திவிடுவார். முழுதும் கேட்டுவிட்டு, "வேறு வழி இல்லாதவங்களுக்குத்தானே தம்பி அந்தச் சலுகை? நமக்குத்தான் உமி இருக்கே!" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். தேவை இருக்கும் அளவுக்கே சலுகை என்பதும் நாம் ஓதிய விதிதான். நெல் விளையும் நாட்டில் அத்தேவை இருக்கிறதா என்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதப் படிக்க அறியாத அவருக்குத் தோன்றியது. ஆயினும் உமிக்கலவை சாணத்தைப் போல வழவழப்பாக வராது. கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். அந்த உழைப்பில் நாம் பங்கு கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுவரில் இத்தகைய வழக்கு எழுவதில்லை. கடற்கரைக் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சி சேர்த்து, சிறிது நீலமும் கலந்து, நசுக்கிய தாழை விழுதால் அடிப்பர். அதன் காரத்தில் பூச்சியும் பூசணமும் தங்கா. நாளடைவில் அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. தை அறுவடையை ஒட்டிப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அண்டை வீட்டாருக்கு ஆண்டுதோறும் உலர்ந்த பருவம் உறுதி. நம் பெருநாளோ ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னேறி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவமெல்லாம் சுற்றி வரும். 2004இலும் 2005இலும் நோன்புப் பெருநாள் நவம்பரில், அடைமழைக் காலத்தில் வந்தது. அத்தகைய ஆண்டுகளில் மழைக்கு முன்பே வெள்ளையடித்து முடிப்பார்கள். தவறினால் ஈரச்சுவரோடுதான் பெருநாள்.

இன்று நம் வீட்டிலும் ஓடு பதித்த தரைதான். சாணக் கேள்வி தீர்ந்தது. புதிய கேள்வி வந்திருக்கிறது. குழந்தை சிறுநீர் கழித்த இடத்தை ஒரு வாளி நீரில் நனைத்த துடைப்பானால் துடைத்து, அதே நீரால் வீடு முழுவதையும் துடைத்துவிட்டோமே, தொழலாமா என்று தாய்மார் நம்மிடம் கேட்கின்றனர். நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் நாட்டுப்புறத்தார் ஒருவர் சிறுநீர் கழித்தபோது ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள். அது உறிஞ்சும் மண்தரை. ஓடு உறிஞ்சாது. ஏறத்தாழ 200 லிட்டருக்குக் குறைந்த நீர் நஜீஸ் பட்டவுடன் தானும் நஜீஸாகிவிடும் என்பது ஷாஃபிஈ சட்டம். எனவே முதலில் ஈரத்தை ஒரு துணியால் ஒற்றி எடுத்து, பின் அவ்விடத்தில் தூய நீரை ஊற்றித் துடைக்கச் சொல்கிறோம். ஹனஃபீகளுக்கு, நிலத்தில் பதித்த செங்கல்லும் காய்ந்து அடையாளம் நீங்கினால் தொழத் தகுந்ததே. பளபளக்கும் ஓடும் அச்செங்கல்லைச் சேர்ந்ததா என்று சென்ற வாரம் ஒரு தாய், கையில் வாளியுடன், நம் வாசலில் நின்று கேட்டார். பதித்த கல்லின் சட்டமே அதற்கும் என்றோம். "எதற்கும் இன்னொரு வாளி ஊற்றிவிடுகிறேன்" என்று கூறிப் போனார்.